உவமையைக் கேட்கும்போது, சொன்னது யார் என்றும் கேளுங்கள்

மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் தமிழாசிரியர்தான். சங்கப் பாடலிலிருந்து ஓர் அடியை மட்டும் வெட்டிப் போட்டு, 'இதில் வரும் உவமையை விளக்குக' என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

குறுந்தொகை 8-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஆலங்குடி வங்கனார் பாடியது, ஆறே அடி. ஒருத்தி சொல்வதாக வரும் அந்தப் பாட்டின் பொருள் இது: வயலோர மாமரத்திலிருந்து உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊரைச் சேர்ந்தவன் அவன். எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்குகிற ஆடிப்பாவை (கண்ணாடியில் தெரியும் உருவம்) போல, மகனைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான்.

'ஆடிப்பாவை போல' என்பதை மட்டும் கொடுத்தால் மாணவர் என்ன எழுதுவார்? மனைவியின் மனமறிந்து நடக்கும் நல்ல கணவன் என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேசுகிறவள் காதற்பரத்தை, அதாவது மனைவி இருக்க அவன் உறவு வைத்திருக்கும் இன்னொரு பெண். அவன் மனைவியான தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். அது தெரிந்ததும் கண்ணாடி உருவம் ஏளனமாகிவிடுகிறது: சொந்தப் புத்தி இல்லாத ஆள்! மாம்பழமும் அப்படித்தான். நான் அவனைத் தேடிப் போகவில்லை, பழம் தானாக வந்து விழுந்தது என்கிறாள். அதே இரண்டு அடிகளைத் தலைவி வாயில் வைத்துப் பாருங்கள். என் வயலில் விளைந்ததை எவளோ கவ்விக்கொண்டாள் என்ற வயிற்றெரிச்சல் கேட்கும்.

யார், எந்தச் சூழலில் சொன்னது என்று பாட்டோடு தரப்படும் துறைக் குறிப்பு பின்னால் சேர்த்ததுதானே, அதை எப்படி நம்புவது என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் பாட்டு 'தன் புதல்வன் தாய்க்கே' என்று முடிகிறது. தலைவி தன்னைப் பற்றி அப்படியா பேசுவாள்? 'எம் இல்' (எங்கள் வீடு), 'தம் இல்' (அவர்கள் வீடு) என்று வீடும் இரண்டு. முழுப் பாட்டையும் கொடுத்தால் பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். அப்புறம் வகுப்பில் நடக்கும் வாக்குவாதத்தை நிறுத்துவதுதான் கஷ்டம்.

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் 34 உறுப்புகளைச் சொல்லும்போது அசை, சீர், அடியோடு கூற்று (யார் சொன்னது), கேட்போர் (யாரிடம்), களன் (எந்த இடத்தில்) மூன்றையும் சேர்த்தே எண்ணுகிறார். அசை பிரிக்கச் சொல்லி மதிப்பெண் தருகிறோம். கூற்றை ஏன் கேட்பதில்லை?

செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்தன என்னும் குறுந்தொகையின் 'செம்புலப் பெயல்நீர்' உவமை கல்யாணப் பத்திரிகைகளில் வாழ்த்தாக வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டின் துறைப்படி, இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சியவளுக்குத் தலைவன் சொன்ன ஆறுதல் அது. மாணவருக்கு இரண்டும் தெரியட்டும்.

ஆகவே உவமை வினாவோடு முழுப் பாட்டையும் அச்சிடுங்கள். விடைக்குறிப்பிலும் ஒரு வரி சேருங்கள்: யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்று பாட்டிலிருந்தே காட்டி வேறு பொருள் எழுதியவருக்கும் முழு மதிப்பெண் உண்டு. அடுத்த மாதிரி வினாத்தாளிலேயே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்