இரும்பு மாத்திரையைப் பற்றி

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

தம்பியின் மரபணு அறிக்கையை நீ பார்த்துவிட்டாய் என்று வாட்ஸப்பின் நீலக் குறி சொல்லிற்று, பதில்தான் வரவில்லை. உனக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு இருப்பது பிறவியிலேயே சிவப்பணு சரியாக உருவாகாத ஒரு சோகை, சி.டி.ஏ. இரண்டாம் வகை என்பார்கள். அறிக்கையில் வரும் செக்23பி, இருபதாம் குரோமோசோமில் உள்ள மரபணு. செல்லுக்குள் எண்டோபிளாச வலையில் உருவாகும் புரதங்களை, அவற்றைப் பிரித்தனுப்பும் கோல்கை உறுப்புக்குக் கொண்டுசேர்க்கும் நுண்குமிழ்களின் மேலுறையில், அதன் புரதம் ஒரு பகுதி. எதை ஏற்றுவது என்பதைச் செக்24 என்ற இன்னொரு புரதம் தேர்ந்தெடுக்க, செக்23 அதனோடு சேர்ந்து உள்ளுறையாக, செக்13, செக்31 இரண்டும் வெளிக்கூடாக மூடுகின்றன. ஈஸ்டில் இந்தப் போக்குவரத்தை ஆராய்ந்த ராண்டி ஷெக்மன் 2013இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நான் வகுப்பெடுத்த காலத்தில் பாடப்புத்தகத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை. மற்ற செல்களில் இதையொத்த செக்23ஏ ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. சிவப்பணு உருவாகும் செல்களில் அது போதவில்லை என்று கருதுகிறார்கள். அவற்றில் பல இரண்டு உட்கருவோடு மஜ்ஜையிலேயே அழிகின்றன. தம்பியின் சோகை, மண்ணீரல் வீக்கம், பித்தப்பைக் கல், கண்ணின் மஞ்சள் எல்லாம் அதன் விளைவு. இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பே 2009இல்தான் தெரிந்தது. ஆகவே உங்கள் இருவருக்கும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த பாட்டியைக் குறை சொல்லாதே.

இந்தச் சோகையில் இரும்புக்குப் பஞ்சமில்லை. சிவப்பணுவை உருவாக்க மஜ்ஜை ஓயாமல் முயல்வதால் குடல் மேலும் மேலும் இரும்பை உறிஞ்சுகிறது. ரத்தம் ஏற்றாதவர்களுக்கும் அது கல்லீரலிலும் இதயத்திலும் சேரக்கூடும். "ரத்தம் குறைவு" என்று யாரோ சொன்னதற்காக நீ விழுங்கும் இரும்பு மாத்திரையை, ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் தொடராதே. தங்கப் பதக்கம் வாங்கியவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபெரிட்டின் பார்த்துவிடு.

தம்பிக்கு இரண்டு பிரதியும் பழுது, எங்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று. உடன்பிறந்தவளுக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்ற கணக்கு உனக்கே தெரியும். ஒரே ஒரு பிரதி பழுதானால் நோய் வராது. ஆனால் அது அம்மாவின் பிறந்தவீட்டிலும் இருக்கலாம். மாமா தை மாதத்தைப் பற்றி மறுபடி கேட்டார். மழை நிற்கட்டும் என்றேன். அவர் மகனையும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, முதலில் உன் முடிவு தெரியட்டும்.

மாத்திரையை நிறுத்து. ஃபெரிட்டின் அறிக்கையை என் எண்ணுக்கு மட்டும் அனுப்பு, அம்மாவின் போனுக்கு வேண்டாம்.

அன்புடன்,
அப்பா