நோம்பிக்குக் கட்சிக் கொடி வேண்டாங்க

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து எங்கள் மாரியம்மன் கோயில் கமிட்டியாருக்கும், ஊரிலுள்ள எல்லாக் கட்சிகளின் கிளைச் செயலாளர்களுக்கும் வணக்கமுங்க.

நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சாட்டியாயிற்று. கம்பம் நட்ட அன்றைக்கே தோரணமும் ஏறிவிட்டது. கோயில் வளைவு வரைக்கும் ஒரு கட்சியின் நிறம், வளைவைத் தாண்டினால் இன்னொன்று. நடுவில் வேப்பிலையைத் தேட வேண்டியிருக்கிறது.

இன்ன கட்சி யோக்கியம் என்று சொல்ல வழியில்லை. 1959-இல் கேரளத்துக் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்து நடந்த விமோசன சமரத்தில் (விடுதலைப் போராட்டம்) காங்கிரசும் தேவாலயமும் நாயர் சங்கமும் ஒரே பக்கம் நின்றன; ஜூலை 31 அன்று முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாட்டின் அந்த அரசு கலைக்கப்பட்டது. 2020 டிசம்பரில் பாலக்காடு நகராட்சியில் ஜெயித்த கையோடு பாஜகவினர் அந்தக் கட்டடத்திலேயே ‘ஜெய் ஸ்ரீராம்’ பேனரைத் தொங்கவிட்டார்கள். 2025 மார்ச்சில் கடைக்கல் தேவி கோயில் திருவிழாக் கச்சேரியில் மார்க்சிஸ்ட் கட்சிக் கொடி திரையில் ஓடியது. கேரள உயர் நீதிமன்றம் கண்டித்தது.

‘கோர்ட்டுக்குப் போய்க்கோ’ என்று கமிட்டியில் ஒருவர் சொன்னாராம். போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெள்ளாயணிக் கோயில் வழக்கு இருக்கிறது. காவித் தோரணம் மட்டும்தான் கட்டுவோம் என்று பக்தர் அடம்பிடிக்க முடியாது, அரசியல் சாயமில்லாத நிறம்தான் கட்ட வேண்டும் என்று போலீசும் சொல்ல முடியாது என்று 2023-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறத்தை ஊர்தான் பேசித் தீர்க்க வேண்டும். அதனால்தான் வக்கீலிடம் போகாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

மேடைச் சங்கதி வேறு. போன நோம்பியில் மாவிளக்கோடு வந்த பெண்களைக் காக்க வைத்துவிட்டு வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்தினீர்களே, அதற்குச் சட்டமே இருக்கிறது. கோயில் இடத்தையோ திருவிழாவையோ பணத்தையோ கட்சி வேலைக்கு விட்டால் ஐந்து வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 1988-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம். மாட்டுகிறவர் வேட்பாளர் மட்டுமில்லை, இடம் கொடுத்த நிர்வாகியும்தான். கமிட்டியார் இதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒற்றப்பாலம் பக்கத்துக் கோயில் ஒன்றின் வழக்கில், கட்சியில் தீவிரமாக இருப்பவர் அறங்காவலராகக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அது கோயில்களைக் கவனிக்கும் அரசு வாரியமான மலபார் தேவஸ்வம் போர்டின் கோயில். நம்முடையது வீட்டுக்கு வீடு வசூலிக்கும் தலைக்கட்டு வரியில் நடப்பது, அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டாது. ஆனாலும் பொருளாளர் பொறுப்புக்காவது அதைப் பின்பற்றலாம். எல்லாக் கட்சிக்காரர் வீட்டு வரியும் அவர் கைக்குத்தானே போகிறது?

யாரையும் கட்சியை விடச் சொல்லவில்லை. ஆழியாற்றுத் தண்ணீர் கேட்டு நடுரோட்டில் உட்காரக் கட்சி வேண்டும், அங்கே கொடி எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

பூவோடு (தீச்சட்டி) எடுப்பது செவ்வாய்க்கிழமை. திங்கள் இரவுக்குள் அவரவர் கொடியை அவரவரே அவிழ்த்துவிடுங்கள். இன்னார் கொடியை இன்னார் அவிழ்த்தார் என்ற பேச்சு வராது.

இப்படிக்கு,
தலைக்கட்டு வரி கட்டும் ஒருவன்