ஆய்வுக்கு நிதி தருபவர்களே, இன்வாய்ஸையும் கேளுங்கள்

பல நாடுகளின் தற்காலிகப் பணியாளர் சந்தையை ஒப்பிடும் முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஆய்வாளர் இல்லை, ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் சம்பளக் கணக்குப் பார்ப்பவன். உங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகள் யாரைப் பற்றியவையோ அவர்களுடைய வேலை நேரமும் பிடித்தமும் மாதாமாதம் என் கையால்தான் போகின்றன. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்தத் துறையை ஆராயப் பணம் கிடைப்பதே பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாடுகளை ஒப்பிடுவது என்றாலே ஒவ்வொரு நாட்டுச் சட்டத்தையும் எடுத்து, இது கடுமை, இது தளர்வு என்று மதிப்பெண் போடுவது என்றாகிவிட்டது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் பணிப் பாதுகாப்புக் குறியீட்டில் ஏஜென்சி வேலைக்கும் ஓர் இடம் இருக்கிறது, எண்ணாகக் கிடைக்கிறது, எடுத்துச் சமன்பாட்டில் போட்டுவிடலாம். சரி, அந்த எண் மாறிய மறுநாள் ஏஜென்சி அலுவலகத்தில் என்ன நடந்தது என்று யார் பார்த்தார்கள்?

பிரிட்டனில் 2011 அக்டோபரில் ஒரு விதி வந்தது: ஒரே இடத்தில் 12 வாரம் வேலை செய்த ஏஜென்சி ஆளுக்கு, அங்கே நேரடியாகச் சேர்ந்தவருக்குக் கிடைக்கும் அடிப்படை ஊதியம் தர வேண்டும். ஏஜென்சியே அவரை நிரந்தர ஊழியராக வைத்துக்கொண்டு, வேலை இல்லாத இடைவெளியிலும் கொஞ்சம் சம்பளம் கொடுத்தால் அந்தச் சம ஊதியம் தேவையில்லை என்று கூடவே ஒரு விலக்கும் வந்தது. ஸ்வீடன் பெயரால் அழைக்கப்பட்ட அந்த விலக்கை எடுக்க 2020 ஏப்ரல் வரை ஆனது. சீனாவில் 2014இல், மொத்த ஆட்களில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏஜென்சி ஆட்கள் இருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள், பல இடங்களில் அதே ஆட்கள் அதே வேலையில் ‘அவுட்சோர்சிங்’ என்ற புதிய ஒப்பந்தத்துக்குள் போனார்கள். தென்கொரியாவில் நேரடி உற்பத்திப் பணிக்குப் பொதுவாக ஏஜென்சி ஆட்களை எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை, அதனால் தொழிற்சாலைக்கு உள்ளேயே சப்-கான்ட்ராக்ட் வளர்ந்தது. அது பெயரளவில்தான் சப்-கான்ட்ராக்ட், உண்மையில் ஆள் அனுப்புவதுதான் என்று ஹூண்டாய் மோட்டார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சட்டத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் மூன்று நாடும் இறுக்கிவிட்டன என்று வரும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

நான் பார்க்கச் சொல்வது இன்வாய்ஸை, அதாவது ஆட்களை எடுக்கும் கம்பெனிக்கு ஏஜென்சி அனுப்பும் பில்லை. தொழிலாளிக்குப் போகும் மணிக்கூலி பே ரேட், வாடிக்கையாளர் கம்பெனி எங்களுக்குத் தருவது பில் ரேட். இரண்டுக்கும் நடுவில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு, விடுப்புக்கான தொகை, காப்பீடு, கடைசியில் எங்கள் லாபம். சட்டம் சம ஊதியம் என்று சொன்னால், பில் ரேட் ஏறாத வரை இந்த இனங்களில் ஏதோ ஒன்று சுருங்கியாக வேண்டும், அது எந்த இனம் என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இன்னொன்றும் இருக்கிறது, ஆய்வுகளில் இதை நான் அதிகம் பார்த்ததில்லை: நாங்கள் ஆட்களுக்கு வாரத்திலோ மாதத்திலோ சம்பளம் போட்டுவிடுகிறோம், கம்பெனி எங்களுக்குப் பணம் தருவது 60 நாள், 90 நாள் கழித்து. அதாவது ஏஜென்சி ஆளை மட்டும் அனுப்பவில்லை, கம்பெனிக்குக் கடனும் கொடுக்கிறது. வங்கியில் மலிவாகக் கடன் வாங்க முடிந்த பெரிய பன்னாட்டு ஏஜென்சி தாக்குப்பிடிக்கிறது, சின்னது முழுகுகிறது. ஒரு நாட்டுச் சந்தை நாலைந்து பெரிய கைகளுக்குள் போவதற்குத் தொழிலாளர் சட்டம் எவ்வளவு காரணம், இந்தக் கடன் கணக்கு எவ்வளவு காரணம்? முழு ஆய்வேடே எழுதலாம்.

புள்ளிவிவரத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தொழிற்சாலையில் நிற்கும் எங்கள் ஆள் பல நாடுகளின் நிறுவனக் கணக்கெடுப்பில் சேவைத் துறை ஊழியர், ஏனென்றால் சம்பளம் போடுவது ஏஜென்சி. வீட்டுக்கு வந்து கேட்கும் கணக்கெடுப்பில் அவரே தொழிற்சாலையின் பெயரைச் சொல்வார், கழுத்தில் தொங்கும் அட்டையில் இருப்பது அதுதானே. உற்பத்தித் துறையில் வேலை குறைந்துவிட்டது என்ற செய்தியில் எவ்வளவு நிஜக் குறைவு, எவ்வளவு இப்படி இடம் மாறியது என்று பிரிக்காமல் இரண்டு நாட்டை ஒப்பிட முடியாது. உலக அளவிலான எண்களில் கணிசமானவை வேர்ல்ட் எம்ப்ளாய்மென்ட் கான்ஃபெடரேஷன் வெளியிடுபவை. 2016 வரை சியெட் என்றிருந்த தொழில் கூட்டமைப்பு அது. பொய் என்று சொல்லவில்லை, எங்கள் முதலாளிகள் சங்கத்தின் எண் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

நிதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருட உதவித்தொகையில் ஆறு நாடுகள் என்று விண்ணப்பம் வந்தால் அதைப் பாராட்டாதீர்கள். இரண்டு நாடு போதும், மொழி கற்க ஆறு மாதம் தனியாகக் கொடுங்கள். ஏஜென்சிகளோடு சேர்ந்து நிதி தரும் திட்டமென்றால், முடிவுகளை முன்கூட்டியே பார்த்துத் திருத்தும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அப்புறம், உதவித்தொகை மூன்றாம் வருடம் நின்று ஆய்வேடு நாலாம் வருடத்துக்கு இழுத்தால் அந்த ஆய்வாளர் மணிக்கணக்கில் வகுப்பெடுத்துத்தான் பிழைப்பார், என்னைப் போன்ற ஒருவரின் சம்பளப் பட்டியலில் அவர் பெயரும் ஏறும்.

உதாரணத்துக்கு ஒரு கேள்வியைத் தருகிறேன். தென்னாப்பிரிக்காவில், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே உள்ள ஏஜென்சி ஆள் மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்தால், தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி வாடிக்கையாளர் கம்பெனிதான் அவருடைய ஒரே முதலாளி என்று 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புக்கு முந்தைய மாத இன்வாய்ஸையும் ஒரு வருடம் கழித்து வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவரை அனுப்புங்கள். பெயர்களை மறைத்துக் காட்ட எங்களைப் போன்ற ஆட்கள் இருக்கிறோம், நிர்வாகத்தின் அனுமதியை மட்டும் உங்கள் கடிதத் தாளில் எழுதிக் கேளுங்கள், மாணவர் தனியாக வந்து கேட்டால் வரவேற்பறையைத் தாண்ட விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஏஜென்சியின் சம்பளக் கணக்கர்