ஆற்றின் கணக்கு மரத்தில் இருக்கிறது

செங்கோட்டை

அன்பு மகள் மீனாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். பீனிக்ஸுக்கு மேற்கே நீயும் மாப்பிள்ளையும் பார்த்திருக்கும் வீட்டின் படங்களை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டாள். சமையலறை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. விலை, வட்டி, பள்ளிக்கூடம் எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். நான் கேட்டது ஒன்றுதான், குழாயில் எந்தத் தண்ணீர் வரும் என்று. "கொலராடோ ஆத்துத் தண்ணிதான்ப்பா, கவலைப்படாதீங்க" என்றாய். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கவலையே வந்தது. போனில் பேசினால் பாதியில் பையன் கூப்பிடுவான், நீ போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

அந்த ஆற்றைப் பங்கு போட்டது 1922 நவம்பரில், நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயில். பிற்பாடு அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர்தான் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்தவர். மொத்தம் ஏழு மாநிலங்கள். மேல்பகுதி நான்கு மாநிலங்களுக்கு வருடம் 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி), கீழ்ப்பகுதி மூன்றுக்கு அதே 75 லட்சம். உங்கள் அரிசோனா கீழ்ப்பகுதி. நம் கணக்கில் ஒரு பகுதிக்கு ஏறக்குறைய 327 டி.எம்.சி., அதாவது மேட்டூர் அணையை மூன்றரை தடவை நிரப்பும் தண்ணீர். 1944-ல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி தருவதாக இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். ஆக மொத்தம் 165 லட்சம்.

இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? கையில் இருந்தது இருபது சொச்சம் வருடத்து அளவுகள். பங்கு பிரிக்கும் இடமாக வைத்த லீஸ் ஃபெர்ரியில் ஆற்றை அளக்க ஆரம்பித்ததே 1921-ல்தான். எடுத்த அளவுகளில் பொய் ஒன்றும் இல்லை. அந்த இருபது வருடம் எப்படிப்பட்ட இருபது வருடம் என்பதுதான் அப்போது தெரியவில்லை.

அதைச் சொன்னவர்கள் சார்லஸ் ஸ்டாக்டன், கார்டன் ஜேக்கபி என்ற இருவர், 1976-ல். ஆற்றுக்கு நீர் கொடுக்கும் மலைகளில் நிற்கும் பழைய மரங்களின் வளையங்களை அளந்து, நானூறு வருடத்துக்கும் மேலான நீர்வரத்தைக் கணக்கிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்தான் அவ்வளவு காலத்திலும் அதிகமாக நீர் வந்த சமயம் என்று தெரிந்தது. நீண்டகாலச் சராசரி சுமார் 135 லட்சம் ஏக்கர் அடிதான். மிச்சம் 30 லட்சம், நம் கணக்கில் 130 டி.எம்.சி., ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆற்றில் இல்லை.

மரம் எப்படி ஆற்றை அளக்கும் என்று மாப்பிள்ளை கேட்பார். அந்த மலைகளில் குளிர்காலத்தில் பனி விழுகிறது, வெயில் ஏறும்போது உருகுகிறது. கொஞ்சம் மண்ணில் இறங்கும், மிச்சம் ஆற்றுக்கு ஓடும். மண் ஆழமில்லாத பாறைச் சரிவில், வேறு நீர் எட்டாத இடத்தில் டக்ளஸ் ஃபிர், பின்யோன் பைன், பாண்டெரோசா பைன் மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கும் ஆற்றுக்கும் ஒரே பனிதான். பனி நன்றாக விழுந்த வருடம் வளையம் அகலமாக இருக்கும், பொய்த்த வருடம் மெலிந்து கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் போகும். ஓடைக்கரையில் செழித்து நிற்கும் மரத்தை இவர்கள் தேடிப் போவதில்லை, அதற்கு எல்லா வருடமும் நல்ல வருடம். பட்டினி கிடந்து வளர்ந்த மரம்தான் வேண்டும். பிறகு, ஆற்றை அளந்திருக்கும் வருடங்களையும் அதே வருடத்து வளையங்களையும் ஒப்பிட்டு விகிதம் பிடிக்கிறார்கள். சில வருடங்களைத் தனியே எடுத்து வைத்து, அந்த விகிதம் அவற்றுக்கும் சரியாக வருகிறதா என்று சோதிக்கிறார்கள். அதில் தேறினால்தான் ஆற்றை அளக்காத காலத்துக்குப் பின்னோக்கிப் போவார்கள்.

வளையத்தை எண்ணினால் வயது தெரியும் என்று நம் மரக்கடையில் எல்லோரும் சொல்வோம். ஆராய்ச்சிக்கு அது போதாது. கடும் வறட்சி வருடத்தில் மரம் அடிப்பகுதியில் வளையமே போடாமல் விட்டுவிடும். வேறு சில வருடங்களில் நடுக்கோடையில் வளர்ச்சி நின்று, மழை வந்ததும் தொடரும், பார்த்தால் இரண்டு வளையம் போலத் தெரியும். அதனால் ஒரு மரத்தை மட்டும் நம்பாமல் பல மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, அகலமும் குறுகலும் மாறி வரும் வரிசையைப் பொருத்துகிறார்கள். வரிசை பொருந்திவிட்டால் எந்த வளையம் எந்த வருடம் என்பது பிசகாது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு கோடையை, அது இன்ன வருடத்துக் கோடைதான் என்று அடித்துச் சொல்ல முடிவதை நினைத்தால் எனக்கு இன்னமும் மயிர் கூச்செறிகிறது.

இந்தப் பொருத்தும் வேலையை ஒரு துறையாகவே ஆக்கியவர் ஒரு வானியலாளர். ஏ. இ. டக்ளஸ் என்று பெயர். உங்களுக்கு வடக்கே ஃபிளாக்ஸ்டாஃபில் உள்ள லோவெல் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். சூரியனில் தோன்றும் புள்ளிகள் 11 வருடத்துக்கு ஒரு தடவை கூடிக் குறைகின்றன அல்லவா, அதன் தடம் மரத்தில் இருக்குமா என்று 1904 வாக்கில் தேடத் தொடங்கினார். சூரியப்புள்ளி விஷயம் அவர் நினைத்தபடி கைகூடவில்லை, கிடைத்தது மழையின் வரலாறு. அப்புறம் பூர்வகுடி மக்களின் பழைய ஊர்களில் இருந்த உத்திரங்களுக்கும் வயது பார்த்தார். உயிரோடு நிற்கும் மரங்களில் தொடங்கிப் பின்னோக்கிப் போன வரிசை ஒன்று, இடிந்த வீடுகளின் உத்திரங்களில் கிடைத்த வரிசை இன்னொன்று. இரண்டும் ஒட்டாமல் பல வருடம் நின்றன. 1929 ஜூன் 22 அன்று அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் பாதி கரியான ஒரு உத்திரக்கட்டையைத் தோண்டி எடுத்தார்கள். எச்எச்-39 என்று அதற்குப் பெயர். கரியான மரத்தில் வளையம் அழியாது, பூச்சியும் அரிக்காது. அந்த ஒரு கட்டை இரண்டு வரிசைகளையும் சேர்த்துவிட்டது.

1276 முதல் 1299 வரை அங்கே ஒரு நீண்ட வறட்சி இருந்தது அந்த வரிசையில்தான் தெரிந்தது. நீங்கள் போய்வந்தீர்களே, மேசா வெர்டே, அந்தப் பாறை வீடுகளை மக்கள் விட்டுப்போனதும் அந்தக் காலத்தில்தான். வறட்சி ஒன்றுதான் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதில்லை, சண்டை சச்சரவும் இருந்திருக்கிறது.

டக்ளஸ் 1937-ல் டூசானில் தொடங்கிய ஆய்வகத்துக்குத்தான் நீ எங்களைக் கூட்டிப்போனாய். எத்தனையோ வருடம் ஒரு கால்பந்து மைதானத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில் அந்த மரத்துண்டுகளை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். மரத்தை வெட்டாமல், உள்ளே கூடாக இருக்கும் ஒரு திருகை அடிமரத்தில் முறுக்கி இறக்கி, பென்சிலைவிட மெல்லிய குச்சியாக மையம் வரை எடுக்கிறார்கள். மரம் சாவதில்லை. அந்தக் குச்சியைப் பள்ளம் வெட்டிய பலகையில் ஒட்டி, கரடான உப்புத்தாளில் தொடங்கி மெல்லியது வரைக்கும் மாற்றி மாற்றித் தேய்க்கிறார்கள். நம் ஆசாரி சாமிப்பெட்டிக்குக்கூட அவ்வளவு தேய்க்க மாட்டார். மெருகு ஏறினால்தான் ஒவ்வொரு செல்லும் உருப்பெருக்கியில் தெரியும்.

நம் பக்கத்து மரத்திலும் இதைப் படிக்க முடியுமா என்று அன்றைக்குக் கேட்டாய். மாவிலும் பலாவிலும் கஷ்டம். வருடம் முழுக்க இலையோடு நிற்கும் மரங்கள், வளர்ச்சி முழுசாக நிற்பதில்லை. தேக்கு அப்படி இல்லை. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், ஈரம் கண்டதும் பெரிய பெரிய துளைகளோடு புது வளையத்தைத் தொடங்கும். கேரளத் தேக்குகளை வைத்து 1481 முதல் 2003 வரை 523 வருட வரிசை ஒன்றை, புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010-ல் வெளியிட்டார்கள். எல் நினோ வந்து பருவமழை குறைந்த வருடங்களில் தேக்கின் வளையமும் குறுகியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தேக்கைத்தான் நான் ஆயுசு முழுக்க வாங்கி விற்றேன்.

அதே 2010-ல் எட்வர்ட் குக் என்பவரின் குழு, ஆசியாவில் 300-க்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைச் சேர்த்து ஒரு வறட்சி வரைபடம் போட்டது. 1876 முதல் 1878 வரையிலான பெரும் வறட்சி அதில் தெரிகிறது. தாது வருஷப் பஞ்சம் என்று என் ஆச்சி சொல்வாளே, அது. மழை பொய்த்தது மரத்தில் பதிவாகியிருக்கிறது. ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது தானியத்தைக் கப்பலில் ஏற்றியது எந்த மரத்திலும் பதிவாகவில்லை. மழை இல்லாததற்கும் சோறு இல்லாததற்கும் நடுவில் மனிதர்கள் எடுக்கும் முடிவுகள் இருக்கின்றன, அதை நீ மறந்துவிடக் கூடாது. கொலராடோவிலும் நான் கவலைப்படுவது அந்த முடிவுகளைப் பற்றித்தான்.

சரி, உங்கள் ஆற்றுக்கு வருகிறேன். 2007-ல் டேவிட் மீக்கோவும் கூட இருந்தவர்களும் அதன் கணக்கைக் கி.பி. 762 வரை கொண்டுபோனார்கள். அதில் 1130 முதல் 1154 வரை ஒரு வறட்சி. இருபத்தைந்து வருடச் சராசரி நீர்வரத்து, நம் காலத்தில் அளந்த சராசரியில் 84 சதவீதத்துக்கும் கீழே போயிருக்கிறது. அப்போது கரியமில வாயு அதிகம் இல்லை, பெரிய நகரம் இல்லை, ஆறு தானாகவே அப்படி இளைக்கக்கூடியது. பீனிக்ஸுக்கு சால்ட், வெர்டே ஆறுகளும் இருக்கின்றனவே என்று மாப்பிள்ளை சொல்வார். அதையும் டூசான்காரர்கள் மர வளையத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒன்று காய்ந்தால் இன்னொன்று காப்பாற்றும் என்று பலர் நம்பியிருந்தார்கள். கொலராடோவின் மேல்பகுதியும் அந்த ஆறுகளும் பெரும்பாலும் சேர்ந்தே காய்ந்திருக்கின்றன.

இப்போது நடப்பது இன்னும் மோசம். வட அமெரிக்காவின் தென்மேற்கில் 2000 முதல் 2021 வரையிலான 22 வருடம்தான், கி.பி. 800-க்குப் பிறகு வந்த வேறு எந்த 22 வருடத்தையும்விட மண் அதிகம் காய்ந்த காலம் என்று பார்க் வில்லியம்ஸ் குழு 2022-ல் எழுதியது. அந்த வறட்சியில் 42 சதவீதம் மனிதனால் ஏறிய வெப்பத்தின் பங்கு என்றும் கணக்கிட்டார்கள். மழை பழையபடி பெய்தாலும் சூடான காற்று மண்ணிலிருந்து கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். மரம் பழைய காலத்தைத்தான் சொல்லும், இந்தச் சூட்டை அது முன்னால் பார்த்ததில்லை. ஆகவே மரம் காட்டும் மோசமான வறட்சியையும் எல்லை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2022-ல் கொலராடோ நீரைத் தேக்கி வைக்கும் மீட் ஏரி, ஹூவர் அணை கட்டி 1937-ல் நிரம்பிக்கொண்டிருந்த காலத்து மட்டத்துக்கு இறங்கியது. அந்த வருடத்துக்குத்தான் முதன்முதலாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். அரிசோனாவின் பங்கில் சுமார் 18 சதவீதம் வெட்டு. காரணம், ஆற்று நீரைப் பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் கொண்டுவரும் 540 கிலோமீட்டர் வாய்க்கால் கட்ட 1968-ல் அனுமதி வாங்கியபோது, பஞ்சம் வந்தால் கலிபோர்னியாவுக்குப் பிறகுதான் தனக்கு என்று அரிசோனா ஒத்துக்கொண்டது. பீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவில் உள்ள பினால் மாவட்டத்து விவசாயிகள்தான் முதல் அடியை வாங்கினார்கள்.

இவ்வளவும் வீட்டை வேண்டாம் என்று சொல்ல எழுதவில்லை, மீனா. அங்கே புது மனைப்பிரிவு போட்டால் 100 வருடத்துக்குத் தண்ணீர் உறுதி என்று சான்றிதழ் வாங்கியாக வேண்டும். பீனிக்ஸ் பகுதியில் நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் புதுச் சான்றிதழ் தருவதை 2023 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவை செல்லும். சிறு சிறு மனையாகப் பிரித்து, சான்றிதழ் தேவைப்படாமலே கட்டிய வீடுகளும் உண்டு. பீனிக்ஸ் பக்கத்து ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில் அப்படிப்பட்ட வீடுகளுக்கு லாரியில் போய்க்கொண்டிருந்த நகரத்துத் தண்ணீர் 2023 ஜனவரி 1 அன்று நின்றுபோனது.

ஆகவே வீட்டுக்காரரிடம் அந்தச் சான்றிதழைக் கேள். எந்த வருடம் வாங்கியது, ஆற்று நீரா, நிலத்தடி நீரா, ஆற்று நீர் என்றால் வெட்டு வரும்போது எத்தனையாவது வரிசையில் இருக்கிறது, இதெல்லாம் அதில் இல்லாவிட்டால் தண்ணீர் கொடுக்கும் கம்பெனியிடம் எழுத்தில் கேள். வாய்ப்பேச்சு போதாது. மாப்பிள்ளையை எல்லாவற்றையும் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அட்வான்ஸ் அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

பேரனுக்கு எங்கள் முத்தம்.

அன்புடன்,
அப்பா