கிரியாட்டினின் 1.1 எல்லாருக்கும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமையில் சிறுநீரகம் பற்றிய தங்கள் கட்டுரையில், 'கிரியாட்டினின் 1.2க்குள் இருந்தால் கவலையில்லை' என்று ஒரு வரி வருகிறது. வயதான பெண்களுக்கு அந்த வரி தவறான தைரியத்தைக் கொடுத்துவிடும்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தால் அதுவும் குறைவாகத்தான் உண்டாகும். பெண்களுக்குப் பொதுவாகவே தசை குறைவு, வயது ஏற ஏற இன்னும் கரையும். அதனால் சிறுநீரகம் வடிகட்டுவது குறைந்த பிறகும் ரத்தத்தில் அந்த எண் பெரிதாக ஏறாது. 70 வயது ஆணுக்கும் 70 வயதுப் பெண்ணுக்கும் டெசிலிட்டருக்கு 1.1 மி.கி. என்று ஒரே ரிப்போர்ட் வருவதாக வைத்துக்கொள்வோம். வயது, பாலினம், கிரியாட்டினின் மூன்றையும் வைத்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சூத்திரத்தில் போட்டால் ஆணின் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) சுமார் 72, பெண்ணுடையது 54. இந்த அளவு 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். கிரியாட்டினினை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுமே 'நார்மல்'.

நாற்பதுக்கு மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மி.லி. வீதம் இந்த நிமிடக் கணக்கிலான வடிகட்டும் திறன் குறைவது இயல்பு. பிறக்கும்போது இருக்கும் நெஃப்ரான்களோடு (சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள்) சரி, பிறகு புதிதாக எதுவும் முளைக்காது. அந்தத் தொடக்க எண்ணிக்கையே பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் குறைவு. ஆனால் சரிவு ஆண்களுக்குத்தான் வேகம். நார்வேயின் ட்ரோம்சோ நகரில், கிரியாட்டினினை நம்பாமல் அயோஹெக்சால் மருந்தைச் செலுத்தி, அது ரத்தத்திலிருந்து வெளியேறும் வேகத்தை வைத்து வடிகட்டும் திறனை நேரடியாக அளந்து, நடுவயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெண்களின் சரிவு கிட்டத்தட்ட நேர்கோடாக இருந்தது. ஆண்களுக்கு வயது கூடக்கூட அது செங்குத்தானது. நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாகக் கணக்கில் வருபவர்களில் பெண்கள் அதிகம், டயாலிசிஸுக்கு வருபவர்களில் ஆண்கள் அதிகம் என்ற முரணுக்கு இது ஒரு காரணம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சிறுநீரகத்தைக் காக்கிறது என்பதற்கு விலங்கு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் உண்டு. மனிதரில் அதை மட்டுமே காரணமாகச் சொல்லிவிட முடியாது. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தேங்குவதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெண்களில், கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதமும் போனவர்களுக்கு (ப்ரீஎக்லாம்சியா) பிற்காலத்தில் ஆபத்து கூடுதல். ஐம்பது, அறுபது வயதில் மருத்துவரிடம் போகும்போது இதை யாரும் ஞாபகமாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

மருந்தளவில்தான் பெரிய தவறு நடக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போனால் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டும், 45க்குக் கீழே புதிதாகத் தொடங்குவதில்லை. மூட்டுவலிக்கான டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை ஏற்கெனவே திறன் குறைந்த சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். இவற்றோடு பிரஷருக்கான சில வகை மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்துவிட்டால் ஆபத்து இன்னும் கூடும். மெலிந்த மூதாட்டிக்குக் கிரியாட்டினின் 1.0 என்பதைப் பார்த்து முழு அளவு எழுதிவிடுவது இப்படித்தான் விபரீதமாகிறது.

ஆகவே பரிசோதனைக் கூடத்தில் கிரியாட்டினினோடு இ.ஜி.எஃப்.ஆரையும் கேட்டு வாங்க வேண்டும். வயதும் பாலினமும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பாலினம் மாறிப் பதிவானாலே கணக்கு தலைகீழ். முந்தைய இரவு சமைத்த இறைச்சியோ கடும் உடற்பயிற்சியோ வேண்டாம், இரண்டுமே எண்ணை ஏற்றும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் ட்ரைமெத்தோப்ரிம் கலந்த மாத்திரையும், சிறுநீரகம் கெடாமலேயே, கிரியாட்டினினை ஏற்றிக் காட்டும். காலை முதல் சிறுநீரில் அல்புமின் (ஒரு வகைப் புரதம்)–கிரியாட்டினின் விகிதம் பார்ப்பது அவசியம். கிராமுக்கு 30 மி.கி.க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இங்கேயும் பெண்களுக்குச் சிறுநீரில் கிரியாட்டினின் குறைவு என்பதால் விகிதம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஒரு முறை வந்த எண்ணை வைத்து முடிவுகட்டாமல் மூன்று மாதம் கழித்தும் திரும்பப் பார்க்க வேண்டும்.

மிகவும் மெலிந்தவர்களுக்கும், நெடுநாள் படுக்கையில் இருப்பவர்களுக்கும் ரத்தத்தில் சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனை மேல். அது பெரும்பாலும் தசையைச் சார்ந்ததல்ல. தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதை மாற்றிக் காட்டும் என்பதால் அவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்