இரண்டு சிங்கிள், மூன்று ஜோடி துடுப்பு: படகுக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

சங்கத்தின் உறுப்பினர்களுக்கும் பழைய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரும் ரெகாட்டாவில் (படகுப் பந்தயத்தில்) ஒற்றையர் போட்டிக்கு நம் சங்கத்திலிருந்து ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். கொட்டகையில் போட்டிக்கு லாயக்கான சிங்கிள், அதாவது ஒருவர் ஓட்டும் படகு, ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் 85 முதல் 95 கிலோ எடையுள்ளவருக்காகச் செய்தது. பெண்கள் இருவருமே 60 கிலோவைத் தொடாதவர்கள். இதுதான் விஷயம். மீதியெல்லாம் எதற்கு எவ்வளவு என்ற கணக்கு.

"ஒருத்தர் உட்காரும் படகுக்கு இத்தனை லட்சமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சிங்கிள் 8 மீட்டருக்குச் சற்று அதிக நீளம். தண்ணீரில் படும் அகலமோ ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதனால்தான் எடைக்கேற்ற படகு என்று பேசுகிறோம். பெரிய ஆளுக்கான படகில் லேசான ஆள் உட்கார்ந்தால் அது போதுமான அளவு அமிழாது. துடுப்பு மாட்டும் கேட் உயரத்திலேயே நிற்கும். துடுப்பின் தட்டையான முனையான அலகைத் தண்ணீருக்குள் வைத்திருக்கக் கைப்பிடியை நெஞ்சுக்கு மேல் இழுக்க வேண்டிவரும். இழுப்பின் கடைசியில் அலகு வழுக்கி வெளியே வந்துவிடும். பக்கக் காற்று அடித்தால் படகு காகிதம்போல ஒதுங்கும். கேட்டுக்கு அடியிலுள்ள வாஷர்களை மேலே மாற்றி உயரத்தைக் குறைக்கலாம். ஆனால் அதில் கிடைப்பது இரண்டு மூன்று செ.மீ.தான்.

மாறாக, சின்னப் படகில் பெரிய ஆள் ஏறினால் கைப்பிடி தொடையில் இடிக்கும், அலகு தண்ணீரை உரசிக்கொண்டே திரும்பும், சின்ன அலைக்கே தண்ணீர் உள்ளே வரும். ஆக, ஒரு படகை வாங்கி எல்லோரும் மாற்றி மாற்றி ஓட்டலாம் என்பது நடக்காது. 55–65 கிலோவுக்கு ஒன்று, 70–80 கிலோவுக்கு ஒன்று வேண்டும். இருக்கும் படகு பெரியவர்களுக்குப் போதும்.

ரெகாட்டா அன்று இன்னொரு சிக்கல். ஒருவர் கரையேறி அடுத்தவர் அதே படகில் இறங்க, கால் பலகையை நகர்த்தி, கேட் உயரம் மாற்றி, துடுப்பின் காலர் (துடுப்பைக் கேட்டில் நிறுத்தும் வளையம்) அளவு சரிபார்த்து, ஸ்டார்ட்டுக்கு ஓட்டிப்போய், ஸ்டேக் போட்டில் (ஸ்டார்ட்டில் கட்டி நிறுத்தியிருக்கும் படகில்) நம் படகின் பின்முனையைப் பிடித்துக் கொடுக்க எப்படியும் 40 நிமிடம் பிடிக்கும். இரண்டு ஹீட்டுக்கு (தகுதிச் சுற்றுக்கு) இடையில் 20 நிமிடம் என்றால் ஒருவர் பெயரை வாபஸ் வாங்க வேண்டியதுதான்.

துடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நன்கொடை தருபவர்கள் படகைத்தான் பார்க்கிறார்கள், துடுப்பை யாரும் கேட்பதில்லை. கைக்கு ஒன்றாகப் பிடிக்கும் ஸ்கல் துடுப்பு ஒன்று சுமார் 288 செ.மீ. நீளம். அதில் கேட்டுக்கு உட்பக்கம் வருவது 88 செ.மீ. இந்த 88ஐப் பிடித்து நிறுத்துவது காலர். அது தளர்ந்து ஒரு பக்கம் 1 செ.மீ. நகர்ந்தால் இரண்டு கைக்கும் இழுவை வேறாகிப் படகு கோணலாகவே போகும். ஓட்டுபவருக்குத் தன் தப்பா, காலரின் தப்பா என்று புரியாது. நம்மிடமுள்ள நான்கு ஜோடியில் இரண்டில் காலர் திருகு பிடிப்பதில்லை. டேப் சுற்றி ஓட்டுகிறோம்.

கேட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்ஷும் அப்படித்தான். அலகு 4 டிகிரி சாய்வில் நிற்க அதுதான் காரணம். தேய்ந்து சாய்வு குறைந்தால் அலகு ஆழத்தில் இறங்கி எழ மறுக்கும். அதுதான் 'கிராப்'. எட்டு பேர் படகில் கிராப் விழுந்தால் வேகம் குறையும். சிங்கிளில் விழுந்தால் ஆளே தண்ணீரில். புஷ்ஷின் விலை என்னவோ சில நூறு ரூபாய்தான்.

அடையாற்றில் ஓட்டுகிறவர்களுக்கு ஃபின் (படகின் அடியிலுள்ள சிறு தகடு) பற்றிச் சொல்லவே வேண்டாம். மழைக்குப் பிறகு அடித்துவரும் ஆகாயத்தாமரையும் தேங்காய் மட்டையும் முதலில் பிடிப்பது அதைத்தான். ஃபின் போனால் படகு நேராக ஓடாது. இரண்டு மாதத்துக்கு ஒன்றாவது உடைகிறது.

படகுப் பரிசோதனையில் மடக்குபவை சின்ன விஷயங்களே. முன்முனையில் குறைந்தது 4 செ.மீ. விட்டமுள்ள வெள்ளை ரப்பர் பந்து இருக்க வேண்டும். ஷூவின் குதிகால் கயிறு குதிகாலை அதிகம் தூக்க விடக்கூடாது. கவிழ்ந்தால் கையை உபயோகிக்காமலே கால் வெளியே வர வேண்டும். சர்வதேச விதிப்படி சிங்கிளின் குறைந்தபட்ச எடை 14 கிலோ, ரிக்கரும் (கேட்டைத் தாங்கும் பக்கச் சட்டம்) சீட்டும் சேர்த்து. நம் பயிற்சிப் படகு ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு 17 கிலோவைத் தாண்டிவிட்டது.

அந்தப் பயிற்சிப் படகும் ஒரு காலத்தில் போட்டிப் படகுதான். முன்னும் பின்னும் உள்ள காற்றறை மூடிகளைத் தண்ணீரில் இறங்கும்போது இறுக்கி மூட வேண்டும், கரைக்கு வந்ததும் திறந்து வைக்க வேண்டும். மூடியபடியே சித்திரை வெயிலில் கிடந்ததில் உள்ளிருந்த காற்று விரிந்து மேல்தட்டின் ஒட்டு விட்டுப்போனது. தவறு நம்முடையதுதான். புதிய படகுகளுக்கு வெள்ளை உறையும், கொட்டகையின் மேற்குப் பக்கத்துக்கு நிழல்வலையும் கணக்கில் சேர்த்திருப்பது அதனால்தான்.

இனி கணக்கு. ஏற்கெனவே ஓட்டப்பட்ட, நல்ல நிலையிலுள்ள இரண்டு கார்பன் சிங்கிளுக்கு தலா ரூ.3,60,000 வீதம் ரூ.7,20,000. மூன்று ஜோடி துடுப்பு, ஜோடி ரூ.80,000 வீதம் ரூ.2,40,000. புஷ், காலர், ஃபின், சீட் சக்கரம், குதிகால் கயிறு, உறை, நிழல்வலை எல்லாம் சேர்ந்து ரூ.45,000. மொத்தம் ரூ.10,05,000. சங்கக் கணக்கில் இதற்கென ஒதுக்கியது ரூ.3,80,000. தேவைப்படுவது ரூ.6,25,000.

புதுப் படகே வாங்கலாமே என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. இறக்குமதி வரியும் கப்பல் கூலியும் சேர்ந்தால் இந்தத் தொகைக்கு இரண்டு படகு வராது. நன்றாக வைத்திருந்த பழைய படகில் தோற்றால் அது படகின் குற்றமல்ல. குவாங்சோவில் 2010இல் பஜ்ரங் லால் தாக்கர் இந்தியப் படகோட்டத்துக்கு முதல் ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கம் கொண்டுவந்தது இதே ஒற்றையர் போட்டியில். அதைக் காட்டி விலை உயர்ந்த படகு கேட்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு துடுப்புக்கு ரூ.40,000 தரலாம், ஃபின்னுக்கென ரூ.500 தரலாம். காசோலை சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். பின்பக்கம் 'சிங்கிள் நிதி' என்று எழுதுங்கள். ரொக்கம் தருவோர் அலுவலகத்தில் ரசீது வாங்காமல் போக வேண்டாம். இதற்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பழைய உறுப்பினர் யாரிடமாவது உபயோகிக்காத துடுப்பு இருந்தால் அதையும் வாங்கிக்கொள்வோம், அலகின் விளிம்பு பிளந்திருக்காவிட்டால்.

முழுத் தொகை சேராவிட்டால் முதலில் லேசான எடைக்கான படகும் ஒரு ஜோடி துடுப்பும் வாங்கப்படும். அடுத்து உதிரிகள். 70–80 கிலோ படகு கடைசியில். வரவு செலவு மாதம் ஒருமுறை கொட்டகைப் பலகையில் ஒட்டப்படும்.

நேரில் பார்க்க விரும்புவோர் ஞாயிறு காலை 6 முதல் 8 வரை கொட்டகைக்கு வரலாம். படகைத் தூக்கிப் பார்க்கலாம், ரிக்கர் அருகே பிடித்து. மேல்தட்டில் மட்டும் கை ஊன்ற வேண்டாம், கட்டைவிரல் பலத்துக்கே அமுங்கும்.

இப்படிக்கு,
படகுக் குழு