மாமா, உங்கள் கோட்டை ஏன் இவ்வளவு நேராக நிற்கிறது?

அன்புள்ள மாமா,

சமூக மன்றத்தில், இங்கிலாந்தின் கோர்ஃப் கோட்டையை நீங்கள் மைப்பேனாவால் வரைந்த படத்தைப் பார்த்தேன். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் "நல்லா இருக்கு மாமா" என்பதற்கு மேல் பேச வாய்க்கவில்லை. மாமி வேறு கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

வானத்தில் ஒரு கோடுகூடப் போடாமல் விட்டீர்களே, அதுதான் முதலில் பிடித்தது. புதிதாக மைப்பேனா பிடிப்பவர்களுக்கு வெற்றுத்தாளைக் கண்டால் கை ஊறும். நீங்கள் அடக்கிக்கொண்டீர்கள். கூரையில்லாத கோபுரத்தின் சன்னல் துளைகளில் தாளின் வெள்ளை தெரிகிறதே, அங்கே நெடுநேரம் நின்றேன்.

என் குறை சுவர்களைப் பற்றியது. கோர்ஃப் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போன கோட்டை இல்லை, வெடி வைத்துத் தகர்த்த கோட்டை. மன்னரும் நாடாளுமன்றமும் மோதிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், 1643இல் மேரி பேங்க்ஸ் என்ற சீமாட்டி அதை மன்னர் பக்கம் நின்று காத்தார். 1646இல் உள்ளிருந்தவரே காட்டிக்கொடுக்க, கோட்டை விழுந்தது. இனி யாருக்கும் பயன்படக் கூடாது என்று நாடாளுமன்றம் இடிக்க உத்தரவிட்டது. சுவரடியைத் தோண்டி வெடிமருந்தைத் திணித்தார்கள். சுவர்களோ கெட்டியானவை. பொடியாகாமல் பாளம் பாளமாகச் சரிந்து, சரிந்த கோணத்திலேயே நின்றுவிட்டன. தென்மேற்கு வாசலில் ஒரு பாதி அப்படியே கீழே வழுக்கி இறங்கியிருக்கிறது. உங்கள் படத்தில் இரண்டு பாதியும் சமமாக நிற்கின்றன!

கட்டுமானத் தளத்தில் தூக்குக்குண்டு பிடித்துப் பழகிய கை, கோணலைக் கண்டால் நிமிர்த்தத்தானே பார்க்கும்? ஆனால் அந்தச் சாய்வை எடுத்துவிட்டால் வெடியும் போய்விடுகிறது, வெறும் பழைய கட்டடம்தான் மிஞ்சுகிறது.

இன்னொன்று, ஒவ்வொரு கல்லையும் வரைந்திருக்கிறீர்கள். பொறுமைக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் நிழல் பக்கத்தில் குறுக்குக்கோடுகளை நெருக்கிப் போட்டு, வெளிச்சப் பக்கத்தில் நாலைந்து கல்லோடு நிறுத்தியிருந்தால் போதும், மீதிக் கற்களைப் பார்க்கிறவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும். கீழே ஊர் வீடுகளை மட்டும் மெல்லிய பேனாவால் போட்டதும் ஏனோ? இடிந்த கோட்டையின் கற்களை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளுக்கு எடுத்துப்போனார்கள். இரண்டுக்கும் ஒரே பேனா பொருந்தும்.

படத்தைப் பால்கனிக்கு எதிரே மாட்டாதீர்கள். சாய மை என்றால் வெயிலில் வெளுத்துவிடும், நிறமி மைதான் தாங்கும். கண்ணாடி தாளை ஒட்டாதபடி நடுவில் அட்டைச் சட்டம் வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்க நாளாகாது.

அடுத்தது நம் சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங் கோட்டையின் வாசல் என்று மாமி சொன்னார். 1859இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டையில் பெரும்பாலும் மிஞ்சியது வாசலும் கொஞ்சம் சுவரும்தான். அது நேராகவே நிற்கிறது, உங்களுக்குச் சிரமம் இருக்காது. அதற்கு முன்னால் கோர்ஃபின் அந்த வழுக்கிய வாசலை மட்டும் பெரிய தாளில் ஒருமுறை போடுங்களேன். அண்ணன் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன, இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்